மோட்டார்ச் சனலில் ஓடிய தமிழ் மணித்தியாலம்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கார் லைசென்ஸ் இன்றைக்கும் இல்லை, சோதனைக்குப் போன ஒவ்வொரு தரமும் பெயிலாக்கி அனுப்பினார்கள். நோர்வேஜிய மொழி கதைப்பேன், எழுதக் கை வராது. இந்த மூன்று குறையையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒஸ்லோவில் கார், மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளை மட்டுமே காட்டிய ஒரு கேபிள் சனல் இரண்டாயிரமாம் ஆண்டுகளில் இருந்தது, உங்களில் கனபேருக்கு நினைவிருக்கும். அந்தச் சனலின் ஒளிபரப்பு அறைக்குச் சுவர் எழுப்பியது நான். பழைய ரயர் அடுக்குகிற இரும்புத் தட்டுகளை அறுத்து ஒட்டி, வீடியோ நாடாக்கள் வைக்கும் அலுமாரி செய்தது நான். கூரையில் இருந்த பெரிய டிஷ்ஷில் பனி உறைந்து படம் புள்ளி புள்ளியாகப் போனால், ஏணி வைத்து ஏறித் தும்புத்தடியால் தட்டி விழுத்தியது நான். நாங்கள் குடியிருக்கிற ஹவுகன்ஸ்டுவா மாடிவீடுகளை ஒட்டுமொத்தமாக அந்தச் சனலுக்குள் கொண்டுவந்தது நான். வெள்ளைக்காரர் எல்லாரும் லீவில் நின்ற நாட்களில் முழுச் சனலையும் தனியாளாக ஓட்டியதும் நான்தான். படித்தவர் ஒருத்தரும் எனக்குக் கை பிடித்துக் காட்டித் தரவில்லை, ஒருத்தியைத் தவிர. அவவைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

வழக்கமாக இந்தக் கதையைத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன். என் மனுசி சரோ “தொடங்கிட்டார்” என்று சொல்லிக் குசினிக்குள் போய்விடுவா. ஆனால் இந்தச் சிறப்பு மலருக்கு எழுத உட்கார்ந்தது அந்தப் பெருமைக்காக மட்டும் இல்லை. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு விசயமும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் நடந்தவை. ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல முடியாது.

போன மாதம் நிலானி வீட்டுக்கு வந்தா. எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இப்போது தொலைக்காட்சி வரலாறு படிக்கிறா. சனலில் வேலை செய்த பழைய ஆட்கள் சேர்ந்து அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போகிறார்கள், எழுதுவது இவதான். எழுதி முடித்ததைக் கொண்டுவந்து எனக்கு வாசித்துத் தமிழில் சொன்னா.

“அங்கிள், உங்கட பேர் இருக்கு.”

“எங்கை?”

“கடைசியிலை. துப்புரவு, நாடாக் களஞ்சியம்.”

“சரி. சுனாமி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என்ன இருக்கு?”

பிள்ளை தாளைப் புரட்டினா. “அண்டைக்குத் தொழில்நுட்பக் கோளாறாலை ஒரு மணித்தியாலம் நிகழ்ச்சி தடைப்பட்டதெண்டு இருக்கு.”

குசினிக்குள் இருந்து சரோவின் குரல் வந்தது. “கோளாறு உங்கை கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிக்குது, பிள்ளை.”

நிலானிக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். பிள்ளை கவனமாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினா.

“நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன் அங்கிள். ஆனா பதிவு ஒண்டும் இல்லை. பெரித் செத்திட்டா. முதலாளி தனக்கு நினைவில்லையெண்டு சொல்லிப்போட்டார். நீங்கள் ஒராள் சொல்லுறதை மட்டும் வைச்சுப் புத்தகத்திலை போடேலாது. இன்னொரு ஆள் வேணும்.”

அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, அதே சொல்லைத்தான் எனக்குக் கை பிடித்துக் காட்டித் தந்த அந்தப் பெரித் சொல்லித் தந்தா. அதைக் கேளாததால்தான் எல்லாம் நடந்தது.

நோர்வேக்கு வந்து வடக்கே மீன் தொழிற்சாலையில் விறைத்ததையும், ஒஸ்லோவுக்கு வந்து கந்தோர்கள் கூட்டித் துடைத்ததையும் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேரின் கதை அதுதான். கடைசியாகத் துடைக்கப் போன இடம் அல்னாவில் ஒரு ரயர்க் களஞ்சியம். ஒட்வார் என்ற பழைய கார் வியாபாரி அதை வாங்கிச் சனல் தொடங்கினார். தன் கலியாண நாளை மறந்தாலும், எந்த ஓட்டத்தில் எவன் எந்த வளைவில் பிரண்டான் என்பதை மறக்காத மனிதர். தச்சுவேலை, ஒட்டுவேலை தெரிந்தவன் என்று என்னைச் சுவர் கட்ட வைத்தார். நாடா அறையில் நின்றவன் வேலையை விட்டுப் போனபோது அங்கே பொறுப்பாக இருந்த பெரித் என்னைக் கூப்பிட்டா.

“நேரத்துக்கு வருவியா?”

“துடைக்கிறவன் பிந்தி வந்தால் எல்லாருக்கும் தெரியும், மேடம்.”

“மேடம் இல்லை. பெரித்.”

அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

பெரித் ஒல்லியான மனுசி. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கம்பளிச் சட்டையின் நுனியால் துடைப்பா. கண்ணாடி மூக்குக்குத் திரும்பிப் போகும்வரை அறையில் ஒருத்தரும் மூச்சு விடமாட்டார்கள். மத்தியானத்தில் மொறுமொறு ரொட்டியில் மண்ணிறச் சீஸ் வைத்து மேசையிலேயே தின்னுவா, ஒரு துகள் கூடக் கீழே விழாது.

குளிர் காலத்தில் வெளியே இருந்து வந்த நாடாவை உடனே மெசினுக்குள் விடக்கூடாது. சூட்டுக்குள் வந்ததும் அதற்கு வேர்க்கும். வேர்த்த நாடா மெசினில் ஒட்டிக் கிழியும். அலுமாரியில் நிமிர்த்தி வைத்து, கையால் தொட்டுப் பார்த்து, அறையின் சூடு அதற்கு வந்தபிறகுதான் எடுக்கவேண்டும். பிறகு கடைசி வரை ஒருமுறை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றவேண்டும். தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கண்ணால் பார்க்கவேண்டும். காதில் கேட்கவும் வேண்டும், ஏனென்றால் சத்தம் கொஞ்ச நேரம் நின்றாலே கேபிள் கம்பனியில் மணி அடிக்கும், அவர்கள் சனல் செத்துப்போச்சு என்று நினைத்துத் தங்கள் விளம்பர அட்டையைப் போட்டுவிடுவார்கள். எந்தப் பொத்தானை அமத்தினாலும் முதலில் வாயால் சொல்லவேண்டும். “சொல்லு. பிறகு அமத்து,” என்பா. ஆளில்லாத அறையிலும் நான் எனக்கே சொல்லிச் சொல்லி அமத்தினேன். வீட்டில் லைற் போடும்போதும் சொல்லிப் போட்டுச் சரோவிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. ஓட்டத்தில் விபத்து நடந்தால் கமராவைத் தூரத்துக்கு எடுக்கவேண்டும், வாயை மூடவேண்டும். ஓட்டுநர் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதை இரண்டு வாய் சொன்னபிறகுதான் நாங்கள் சொல்லலாம். அந்த இரண்டு வாயும் ஒன்றாக இருந்து கோப்பி குடித்த வாயாக இருக்கக்கூடாது.

இதை அவ எப்படிக் காப்பாற்றினா என்று நான் கண்ணால் பார்த்தேன். ஒரு குளிர்கால ஓட்டம், கிழக்குக் காட்டுக்குள் இருந்து நேரடி ஒளிபரப்பு. கார் ஒன்று வளைவில் பறந்து மரங்களுக்குள் போய்விட்டது. காட்டில் நின்ற எங்கள் ஆள் ரெலிபோனில் “செத்திட்டான்” என்றான். வர்ணனையாளர் வாயைத் திறக்கத் தயாராக இருந்தார்.

“ஆர் சொன்னது?” பெரித் கேட்டா.

“வைத்தியக் கூடாரத்திலை நிண்டவன்.”

“ரெண்டாவது?”

“அவனோட நிண்டவன்.”

“அவங்கள் ரெண்டுபேரும் ஒரே போத்தில் கோப்பியைப் பகிர்ந்து குடிச்சவங்கள். அது ஒரு வாய்.”

சனலில் பனி மூடிய மரங்களை மட்டும் காட்டிக்கொண்டிருந்தோம். ஒட்வார் வந்து கத்தினார், சனம் சனலை மாத்துது என்றார். பெரித் கண்ணாடியைக் கழற்றினா. ஒட்வார் போய்விட்டார். எவ்வளவு நேரம் மரம் காட்டினோம் என்று நான் மணிக்கூடு பார்க்கவில்லை, ஆனால் அந்த மரங்களின் வடிவம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். பிறகு சேதி வந்தது. ஓட்டுநர் பனியில் இழுக்கிற வண்டிலில் இருந்து சிகரெட் கேட்கிறானாம், தோள் எலும்பு மட்டும் முறிவு.

பெரித் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தா. “அவன்ர தாய் வீட்டிலை இருந்து எங்கட சனலைப் பாத்துக்கொண்டு இருந்தவ, நவம். அவவுக்கு நாங்கள் மரத்தை மட்டும்தான் காட்டினம்.”

அதைவிடத் தெளிவாக ஒருத்தர் எனக்குச் சொல்லித்தர முடியாது.

இனி ஹவுகன்ஸ்டுவா விசயம். அந்தக் காலத்தில் எங்கள் கட்டடங்களின் பல்கனிகளில் டிஷ் அன்ரெனாக்கள் பூத்துக் கிடந்தன. தமிழ்ச் சனல், ஊர்ச் செய்தி எல்லாம் அதில்தான் வந்தது. கட்டடத்துக்குப் புதுச் சுவர் பூசினபோது குடியிருப்போர் சங்கம் டிஷ்களைக் கழற்றச் சொன்னது, பதிலாக எல்லாருக்கும் கேபிள். அடிப்படைச் சனல்களோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கலாம், எது என்று கூட்டத்தில் வாக்கெடுப்பு. ஒட்வாருக்கு அந்த வீடுகள் வேண்டும். எனக்கு ஒட்வாரின் கண்ணில் பெரிய ஆளாக வேண்டும்.

“எங்கட சனம் வாக்குப் போடும்,” என்று அவரிடம் சொன்னேன். “ஆனா ஞாயிற்றுக்கிழமையிலை ஒரு மணித்தியாலம் தமிழுக்குத் தரவேணும்.”

கை தந்தார். நான் அந்தக் கையை நம்பினேன். என்னை என் சனம் நம்பியது.

வீடு வீடாகப் போனேன். தம்பிராசா அண்ணை வீட்டில்தான் பேச்சு வாங்கினேன். அண்ணை எங்கள் கட்டடத்தில் முதலில் குடிவந்தவர்களில் ஒருவர், பாண் தொழிற்சாலையில் வேலை. ஒருத்தருக்கும் வளைந்து கொடுக்கமாட்டார்.

“உனக்குக் காரும் இல்லை, லைசென்சும் இல்லை, எங்களைக் கார் ஓட்டம் பார்க்கச் சொல்லுறாய் என்ன? எங்கட ஆக்களிலை கார் வைச்சிருக்கிறவனே பார்க்கிங் தேடித்தான் ஓடுறான்.”

“அண்ணை, அது அவங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் எங்களுக்கு. எல்லாம் என்ர விரலுக்குக் கீழைதான் ஓடுது.”

“உன்ர விரலை எனக்குத் தெரியாது. உன்ர வாய்க்காக வாறன்.”

கூட்ட நாளில் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம் எங்கள் சனத்தால் நிறைந்தது. பெண்கள் பிளாஸ்கில் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்தார்கள். சமையல் சனல் கேட்டு வந்த வயதான நோர்வேக்காரர்கள் அந்த வடையைத் தின்றுகொண்டே தோற்றார்கள். நானே ஸ்பானர் எடுத்து அண்ணையின் டிஷ்ஷைக் கழற்றினேன்.

அந்த ஒரு மணித்தியாலம் வரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் ஒட்வார் “அடுத்த சீசன்” என்றார். எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற குறொன்லாண்டில் மரக்கறி வாங்கப் போனால் “என்ன றேஸ் நவம், எங்கட தமிழ் எந்த வளைவிலை பிரண்டு கிடக்குது?” என்று கடைக்குள் இருந்து கேட்பார்கள். நான் வாயால் சமாளித்தேன். எல்லாம் என் விரலுக்குக் கீழே என்று இன்னும் பெரிதாகச் சொன்னேன். வெட்கம் வந்தால் சத்தத்தைக் கூட்டுகிற குணம் எனக்கு.

சுனாமி வந்த அந்த வருடம் அண்ணைக்கு இதய ஓப்பரேசன் நடந்தது. வீட்டோடு கிடந்து கார் ஓட்டம் பார்க்கத் தொடங்கினார். ஓட்டுநர்களின் பேரெல்லாம் பாடமாக்கிவிட்டார். “நவம், அந்தப் பின்லாந்துக்காரன் பிறேக் பிடிக்கிறதே இல்லையடா,” என்று படிக்கட்டில் நின்று சொல்லுவார். என்னைக் குத்திக் காட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சுனாமி வந்தது நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. நத்தார் நாட்களில் சனலில் நான்தான் தனியாள், கும்பிடுகிற சாமி வேறு என்று அவர்களுக்கும் வசதி எனக்கும் வசதி. பழைய ஓட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடிக்கத் தொடங்கியது. கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, மட்டக்களப்பு. நோர்வேச் சனல்களில் தாய்லாந்துதான் போனது, அவர்களின் ஆட்கள் அங்கேதான் லீவில் நின்றார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கரையின் பேர் வந்து வந்து மறைந்தது. ஊருக்கு நாங்கள் எடுத்தால் ரெலிபோன் எடுபடவில்லை, அங்கே இருந்து வந்தால்தான் உண்டு. டிஷ் இல்லை. எங்கள் கட்டடங்களில் ரீவியைப் போட்டால் என் சனல், அதில் ஐஸ் மேல் சுழலும் கார்கள்.

சரோவே எடுத்தா. “இஞ்சருங்கோ, சனம் எல்லாம் படிக்கட்டிலை நிக்குது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சேதி வருகுது, ஆருக்கு எது வந்ததெண்டு தெரியேல்லை. எல்லாம் உங்கட விரலுக்குக் கீழை எண்டியளே. இப்ப அமத்துங்கோ.”

பெரித் மலையில் தன் மரவீட்டில் நின்றா. தொடர்பு விட்டு விட்டு வந்தது. சொன்னேன்.

“எவ்வளவு நேரம் வேணும்?”

“ஒரு மணித்தியாலம்.”

“என்ன போடப்போறாய்?”

“பேர்கள். ஆர் ஆர் உயிரோட இருக்கினம் எண்டு.”

தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

“ஒவ்வொரு பேருக்கும் ரெண்டு வாய்,” என்றா. “ஒட்வாருக்கு நான் பதில் சொல்லுறன்.”

எங்கள் எழுத்து மெசினில் தமிழ் இல்லை. ஆனால் ஓட்ட முடிவுத் தாள்களைக் காட்டுவதற்கு மேசைக்கு மேலே ஒரு கமரா குனிந்து நின்றது. அதற்குக் கீழே வெள்ளைத் தாளை வைத்து, தடித்த மார்க்கரால் எழுதினேன். “மேசைக் கமரா,” என்று சொன்னேன். அமத்தினேன். ஒஸ்லோவில் ஒரு கேபிள் சனலில் தமிழ் எழுத்து விழுந்தது. சத்தத்தை நிறுத்த முடியாது, கேபிள் கம்பனியில் மணி அடிக்கும். ஆகவே அந்த மணித்தியாலம் முழுக்கக் கார்கள் பின்னால் உறுமிக்கொண்டே இருந்தன. உறுமலுக்கு மேலே எங்கள் ஊர்ப் பேர்கள். ‘மணற்காடு — செல்லத்துரை குடும்பம் — சுகம்’. இப்படித்தான்.

சரோ வீட்டு ரெலிபோனில் நின்று சேதி வாங்கினா. கொழும்பில் இருந்து ஒரு வாய், பருத்தித்துறையில் இருந்து இன்னொரு வாய் என்று பொருந்தினால்தான் எழுதினேன். பொருந்தாததைக் கீழே போட்டேன். அதுவரை ஒரு பிழையும் விடவில்லை. படிக்கட்டில் நின்ற சனம் ஒரு வீட்டு ரீவிக்கு முன்னால் கூடி, ஒவ்வொரு பேர் விழும்போதும் அழுதும் சிரித்தும் சத்தம் போடுவது ரெலிபோன் வழியாக எனக்குக் கேட்டது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நான் பெரிய ஆள் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது. அதை மறைக்கமாட்டேன்.

மணித்தியாலம் முடியப் போகிற நேரத்தில் நானே புஷ்பமக்காவுக்கு எடுத்தேன். தம்பிராசா அண்ணையின் மனைவி. அண்ணையின் ஒரே தங்கச்சி பரமேஸ்வரி கலியாணம் கட்டிப் போனது உடுத்துறைக்கு, கடற்கரையில் வீடு. அண்ணையின் டிஷ்ஷைக் கழற்றிய கையால் அண்ணைக்கு ஒரு நல்ல சேதி எழுதவேண்டும் என்று எனக்கு ஆசை.

“அக்கா, பரமேஸ்வரியாக்கள்?”

“சுகமாம் தம்பி. எல்லாரும் சுகமாம். வையுங்கோ.”

வைத்துவிட்டா.

எங்கள் ஆட்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. சாவை நாங்கள் ரெலிபோனில் சொல்லமாட்டோம். சுகமில்லாத மனிதருக்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் சொல்லமாட்டோம். “சுகம்” என்று சொல்லி வைத்து, நாலு பேர் கூடி, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லுவோம். அக்காவின் அந்தக் குரலை ஊரில் எத்தனை தரம் கேட்டிருப்பேன். வேறு ஆளாக இருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். அன்றைக்கு என் காதில் படிக்கட்டுச் சனத்தின் சத்தம் நிரம்பி இருந்தது. இரண்டாவது வாய்? வீட்டு மனுசியே சொல்லும்போது இரண்டாவது எதற்கு?

‘உடுத்துறை — பரமேஸ்வரி குடும்பம் — சுகம்’. மற்றப் பேர்களைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன். சொன்னேன். அமத்தினேன்.

அண்ணை கட்டிலில் இருந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தாராம். சோறு கேட்டாராம். கனடாவுக்கும் லண்டனுக்கும் எடுத்து, “நோர்வே ரீவியிலை போட்டிட்டாங்கள், தங்கச்சி சுகம்,” என்றாராம். உண்மை தெரிந்த சொந்தக்காரர் ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாரும் “ஓம், ஓம்” என்றார்கள். அக்கா அன்றைக்குப் பின்னேரமே ஆட்களைக் கூட்டிச் சொல்ல இருந்தவ. ரீவியில் வந்தபிறகு அதை எப்படி உடைப்பது என்று தெரியாமல் நாட்களைக் கடத்தினா. பரமேஸ்வரியும் பிள்ளைகளும் அந்தக் காலையிலேயே போய்விட்டார்கள்.

ஒருவழியாக அக்கா உண்மையைச் சொல்லி முடித்தபிறகு அண்ணை என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். அழுது முடித்த முகத்தோடு இருந்தார்.

“ஆர் சொன்னது உனக்கு?”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வாசலில் நின்றா.

“அவர் பக்கத்திலை கிடந்தபடியாலை அப்பிடிச் சொன்னனான், தம்பி. உலகத்துக்கோ சொன்னனான்? என்ர குரலைக் கேட்டும் உங்களுக்கு விளங்கேல்லையே?”

அண்ணை கையைக் காட்டி அவவை நிறுத்தினார். என்னிடம் கோபமாகக் கூடப் பேசவில்லை.

“என்ர தங்கச்சி செத்த நாளிலை நான் வயிறு நிறையச் சாப்பிட்டனான், நவம். சந்தோசமாச் சாப்பிட்டனான்.”

அக்கா பழக்க தோசத்தில் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வைத்தா. அண்ணை தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். நான் என்னுடையதைத் தொடவில்லை. இரண்டும் ஆறியபிறகு எழும்பி வந்தேன்.

விடுமுறை முடிந்து பெரித் வந்தா. நடந்ததை நானே சொன்னேன்.

“ரெண்டாவது வாய் ஆர்?”

“அது அவரின்ர வீட்டு மனுசி, அவவே—”

“நான் கேட்டது ரெண்டாவது.”

கண்ணாடியைக் கழற்றினா. துடைத்தா. துடைத்துக்கொண்டே இருந்தா. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், நானே துடைத்த தரை. கேபிள் கம்பனி விளக்கம் கேட்டது. ஒட்வார் என் பேரைக் கேட்டுக் கத்துவது கதவு வழியாகக் கேட்டது. பெரித் உள்ளே போய், அது தொழில்நுட்பக் கோளாறு, தன் பொறுப்பில் நடந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தா. உறுதியில்லாத ஒரு சொல்லையும் வெளியே விடாத மனுசி, எனக்காக ஒரு பொய்யை எழுதினா. சனல் மூடும்வரை, அவ சாகும்வரை, அதைப் பற்றி என்னோடு கதைக்கவில்லை. என் வேலை தப்பியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நேரத்துக்குப் போனேன். எல்லாம் என் விரலுக்குக் கீழே என்று கலியாண வீடுகளில் கதைப்பதை விட்டேன்.

நிலானி, இப்போது உனக்கும், இந்த மலரை வாசிக்கிற எல்லாருக்கும் சொல்லுகிறேன்.

உனக்கு இன்னொரு வாய் வேண்டும். என் மனுசி ஆகாது, ஒரே கேத்தில் தண்ணி குடிக்கிறோம். படிக்கட்டில் நின்ற மற்றவர்களும் ஆகாது, எல்லாரும் ஏதோ ஒரு கலியாணத்தில் என்னோடு கோப்பி குடித்தவர்கள். தம்பிராசா அண்ணை இப்போது கீழ்மாடியில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. அன்றைக்குத் தள்ளி வைத்த அந்தக் கோப்பைக்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் அவர் என்னோடு ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடித்ததில்லை. பெரித்தின் கணக்குப்படி அவரைவிடச் சரியான வாய் ஒஸ்லோவில் இல்லை. போய்க் கேள். நான் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுது.

எழுதும்போது துப்புரவு, நாடாக் களஞ்சியம் என்பதை வெட்டாதே, அதுவும் நான்தான். சுவரும், அலுமாரியும், ஹவுகன்ஸ்டுவா வாக்கும் என் கணக்கில் போடு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே இருக்கிற கோளாறு என்ற சொல்லை எடுத்துவிட்டு என் பேரைப் போடு, சின்னத்துரை நவரத்தினம் என்று முழுதாக. தமிழ் மணித்தியாலத்தை ஓடவிட்டவர் என்று எழுது. எழுதிய பேர்கள் சரி, ஒன்று மட்டும் பிழை என்றும் எழுது. அந்தப் பேர் உடுத்துறை பரமேஸ்வரி. அதை என் பேருக்குப் பக்கத்திலேயே போடு. அங்கே மெசின் பழுதாகவில்லை. ஒரு ஆள் இருந்தவன்.